யார் வீட்டுக்கு வந்தீக?

செட்டிநாட்டில் ஒருவர் தம் ஊரை விட்டு வேறோர் ஊருக்குப் போகிறார் என்றால், அந்தப் பயணத்தின் முடிவில் ஒரு வீடோ ஒரு கோயிலோ இருக்கும். காரைக்குடியில் பிறந்து வளர்ந்த நான் பள்ளத்தூருக்குப் போனதெல்லாம் சித்தப்பா வீட்டுக்கு. கீழச்சிவல்பட்டிக்குப் போனது நண்பனின் திருமணத்துக்கு. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போனது வேண்டுதலுக்கு. இந்த ஊர்களுக்கு இடையே பேருந்துச் சன்னலில் ஓடி மறையும் செம்மண் பொட்டலும், சீமைக்கருவேலங்காடும், கண்மாய்க் கரைகளும் 46 வயது வரை எனக்கு வெறும் வழியாக மட்டுமே இருந்தன. சென்ற மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் மகளும் நானும் அப்படிப்பட்ட இடைநிலத்தில் ஓரிடத்துக்குப் போனோம். அங்கே எங்களுக்கு உறவினர் யாரும் இல்லை, வேண்டுதலும் இல்லை. இரண்டு எண்கள் அந்த இடத்தைக் காட்டின என்பது ஒன்றே காரணம்.

இந்த வழக்கத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவள் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் என் மகள். இதற்கு ஜியோஹாஷிங் என்று பெயர். அமெரிக்கச் சித்திரக்காரர் ராண்டல் மன்ரோ தம் இணையச் சித்திரத் தொடரில் 2008 மே 21 அன்று இந்த முறையை ஒரே ஒரு பக்கத்தில் வரைந்து காட்டினார். படித்தவர்கள் அதைச் சித்திரத்தோடு விட்டுவிடாமல், உண்மையாகவே அந்தந்த நாளின் புள்ளியைத் தேடிக் காட்டுக்கும் வயலுக்கும் கிளம்பிவிட்டார்கள். இன்றுவரை பல நாடுகளில் இது நடந்துகொண்டிருக்கிறது.

முறை இதுதான். உலகப் படத்தை ஒரு பாகை அட்சரேகை, ஒரு பாகை தீர்க்கரேகை கொண்ட கட்டங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாம் இருக்கும் கட்டத்துக்குள் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி கிடைக்கும். காரைக்குடி வடக்கு 10 பாகைக்குச் சற்று மேலே, கிழக்கு 78 பாகையைத் தாண்டி இருப்பதால், எங்கள் கட்டம் 10–11, 78–79. நம் அட்சரேகையில் ஒரு பாகை என்பது இரு திசையிலும் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ஆகவே கட்டத்தின் பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். புதுக்கோட்டை, திருமயம், பொன்னமராவதி, மணப்பாறை, திருச்சி, கரூர் எல்லாம் இதற்குள் அடங்கும். கடல் ஒரு துளியும் இல்லை. நான் வியந்தது தெற்கு எல்லையைப் பார்த்துத்தான். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் 10 பாகைக் கோடு ஓடுகிறது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு ஊர்கள் இந்தக் கணக்கில் வேறு வேறு கட்டங்கள். ஆயிரம் முறை போய்வந்த அந்தச் சாலையில் ஒரு கோட்டைக் கடக்கிறோம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மேற்கு எல்லையான 78 பாகைத் தீர்க்கரேகையோ, 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தம் பணியைத் தொடங்கிய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் குமரி முனையிலிருந்து வடக்கே கொண்டுபோன பெருவளைவு அளவீட்டை ஒட்டிய கோடு. அவருடைய ஆட்கள் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கோயில் கோபுரங்களின் மேல் கயிறு கட்டி ஏற்றி, கோணம் கோணமாக இந்த மண்ணை அளந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 1808இல் கயிறு அறுந்து அந்தக் கருவி சேதமடைந்தது. அந்த உழைப்பின் தொடர்ச்சியாக வந்த எண்களைத்தான் என் மகள் கைப்பேசியில் விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

கட்டத்துக்குள் புள்ளி எங்கே விழும் என்பதை முடிவு செய்வது யார்? யாரும் இல்லை, அதுதான் இதன் உயிர். அன்றைய தேதியையும் நியூயார்க் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு தொடங்கிய எண்ணையும் சேர்த்து எழுதி, எம்.டி.5 என்னும் கணக்கு முறைக்குள் போட வேண்டும். அதை எனக்குப் புரியவைக்க மகள் ஆட்டுக்கல்லை உவமை சொன்னாள். அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்தால் மாவு வரும். மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாது. ஆனால் அதே அளவு போட்டால் யார் வீட்டு ஆட்டுக்கல்லிலும் அதே மாவுதான் வரும். இந்தக் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினாலும் வருவது முற்றிலும் வேறாகிவிடும். வெளிவரும் 32 இலக்கங்களை 16, 16 என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தசமப் பின்னமாக மாற்றினால், முதல் பின்னம் அட்சரேகைக்கு, இரண்டாவது தீர்க்கரேகைக்கு. அந்தச் சித்திரத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது: 2005 மே 26, தொடக்க எண் 10458.68, கிடைத்த பின்னங்கள் .857713, .544543. நானும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மகள் தானே எழுதிய சிறு நிரலில் இட்டுப் பார்த்தேன். அதே எண்கள் வந்தபோதுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

பங்குச் சந்தை எதற்கு என்று கேட்டேன். தேதியை மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டின் புள்ளியைக்கூட இன்றே கணக்கிட்டுவிடலாம். அப்புறம் அது நாமே தேர்ந்தெடுப்பது ஆகிவிடும். சந்தை திறக்கும்வரை அந்த எண் யாருக்கும் தெரியாது என்பதால்தான் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் சந்தை திறக்கும் காலை ஒன்பதரை நமக்குக் குளிர்காலத்தில் இரவு எட்டு மணி. அதுவரை காத்திருந்தால் நமக்குப் பகல் போய்விடும் என்பதனால், மேற்கு 30 பாகைக்குக் கிழக்கே உள்ள நாடுகள் எல்லாம் முந்தைய நாளின் தொடக்க எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்று விதி உண்டு. சனியும் ஞாயிறும் சந்தைக்கு விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நம் ஊரில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளின் புள்ளிகளும் ஒருசேரத் தெரிந்துவிடும். தேதி வேறு என்பதால் மூன்றும் மூன்று இடத்தில் விழும்.

மார்கழியில் முதன்முறை முயன்றபோது புள்ளி ஒரு தைலமரத் தோட்டத்துக்குள் விழுந்திருந்தது. முள்வேலியும் பூட்டிய கேட்டும் இருந்தன. காவலுக்கு இருந்தவர் உரிமையாளரைக் கேட்காமல் விட முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அடுத்தவர் நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பது இதில் ஈடுபடுவோர் எல்லாரும் ஏற்றுக்கொண்ட வழக்கமும்கூட. 300 மீட்டர் தொலைவில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டோம். மகளுக்கு அன்று முகம் வாடிப்போனதை நான் மறக்கவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளோடு திரையைப் பார்க்க உட்கார்ந்தேன்.

அந்த மாசி வெள்ளியன்று சனிக்கிழமைக்கான புள்ளி காவிரிக்கரையை ஒட்டி முசிறிப் பக்கம் விழுந்தது. நேர்கோட்டிலேயே 100 கிலோமீட்டர். திங்கட்கிழமைக்கானது திருச்சி நகரத்துக் குடியிருப்பு ஒன்றின் நடுவே. ஞாயிற்றுக்கிழமைக்கானது மட்டும் 10.2, 78.6 என்று தொடங்கியது. காரைக்குடிக்கு வடமேற்கே, நேர்கோட்டில் 18 கிலோமீட்டர். அன்று உலகின் இந்தப் பாதி முழுவதும் எல்லாக் கட்டங்களிலும் இதே பின்னம்தான் என்பதால் சென்னைக் கட்டத்தின் புள்ளி வங்கக் கடலுக்குள் விழுந்திருந்தது. எங்களுக்கு மண் கிடைத்தது. மீதி இலக்கங்களையும் ஊரின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் எங்களை வரவேற்றார்கள். அவர்களுடைய வாசலுக்கு வேறு யாரையும் அனுப்பும் உரிமை அதனால் எனக்கு வந்துவிடாது.

செயற்கைக்கோள் படத்தில் அந்தப் புள்ளி ஒரு கண்மாயின் உட்பகுதியில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, வெடித்துக் கிடந்த பழுப்பு நிலத்தில் இருந்தது. சுற்றிலும் கருவேலங்காட்டின் கரும்பச்சை. ஓரிடத்தில் இரண்டு சின்னக் கறுப்புக் கோடுகள். நிழல் என்று நினைத்தோம். காய்ந்த கண்மாய்தானே, நடந்தே போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

ஞாயிறு காலை ஆறரைக்கு வண்டியை எடுத்தோம். இரண்டு பாட்டிலில் சம்பை ஊற்றுத் தண்ணீர், ஒரு டப்பாவில் புளியோதரை, மகளின் பழைய செருப்பு ஒரு சோடி. கானாடுகாத்தானில் திருச்சி – இராமேசுவரம் சாலையை விட்டு மேற்கே திரும்பியதும், இருபுறமும் வளவு வீடுகளின் நீண்ட மதில்கள் வந்தன. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் அந்த வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் இருக்கின்றன. நாங்கள் அன்று நிற்காமல் அவற்றைக் கடந்து போனோம். ஊர் முடிந்து ஊருணி வந்தது, ஊருணி முடிந்து செம்மண் தடம் வந்தது, பிறகு ஐயனார் கோயிலும் அதன் முன்னே வரிசையாக நின்ற மண் குதிரைகளும் வந்தன. சில குதிரைகளுக்குக் கால் உடைந்து, வயிற்றுக்குள் ஆவாரஞ்செடி முளைத்திருந்தது. வண்டியைக் கோயில் மரத்தடியில் நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். கைப்பேசி 640 மீட்டர் என்று காட்டியது.

கரைமேல் ஏறியதும் எங்கள் கணக்கு பொய்த்தது. படத்தில் வெடித்துக் கிடந்த நிலம் எங்கள் கண்முன் தண்ணீராகத் தளும்பிக்கொண்டிருந்தது. படம் எடுக்கப்பட்டது ஏதோ ஒரு கோடையில். நாங்கள் வந்திருப்பதோ வடகிழக்குப் பருவமழை பெய்து மூன்று மாதம்கூட முழுதாகக் கழியாத மாசியில். இதை எண்ணிப் பார்க்காமல் கிளம்பியது என் பிழை. வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் செய்திருக்கக் கூடாத பிழை. கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. புள்ளி தண்ணீருக்குள், கரையிலிருந்து 40 மீட்டர். படத்தில் நிழல் என்று நாங்கள் நினைத்த இரண்டு கோடுகள் இருந்த இடத்தில், தண்ணீருக்கு மேலே இரண்டு கல்தூண்கள் அருகருகே நின்றுகொண்டிருந்தன.

“யார் வீட்டுக்கு வந்தீக?”

கரைக்குக் கீழே மாட்டை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். எழுபதுக்கு மேல் இருக்கும். தலையில் கட்டிய துண்டு, கையில் தொரட்டி. செட்டிநாட்டில் எந்த ஊரிலும் புதியவரைக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஊரையும் பெயரையும் கேட்பது அப்புறம். எனக்குப் பதில் இல்லை. யார் வீட்டுக்கும் வரவில்லை ஐயா, அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் ஓர் இடத்தைப் பார்க்க வந்தோம் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். நிலம் அளக்க வந்திருக்கிறோமோ என்ற கவலை அவர் கண்ணில் தெரிந்தது. அதை உடனே போக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் அரசாங்கத்து ஆட்களும் அல்ல, இடம் வாங்க வந்தவர்களும் அல்ல என்று முதலில் சொல்லிவிட்டு, எண்களின் கதையைத் தொடங்கினேன். சந்தை, குறியீடு, பின்னம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை.

மகள்தான் காப்பாற்றினாள். “தாத்தா, கோயில்ல பூக்கட்டிப் பாப்பாகள்ல, அது மாதிரி. எந்த இடத்துக்குப் போகணும்னு நாங்க முடிவு பண்ணல. பொட்டலத்த எடுத்தோம், உங்க கம்மாய் வந்துச்சு.”

பெரியவர் முகம் தெளிந்தது. “பூக்கட்டிப் பாத்து வந்தீகளா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன தாயி.”

அவள் சொன்னதன் பொருத்தத்தை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்பத்தா காலத்தில் கல்யாணப் பேச்சு முதல் கிணறு வெட்டுவது வரை பூக்கட்டித்தான் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒன்றுபோல மடித்துச் சாமி முன்னால் போட்டுவிட்டு, விவரம் தெரியாத சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெரியவர்கள் எடுத்தால் தெரிந்தோ தெரியாமலோ மனம் கையை இழுத்துவிடும் என்பதனால்தான் குழந்தை. நியூயார்க் சந்தையின் எண் இந்த முறையில் செய்வதும் அந்தக் குழந்தையின் வேலையைத்தான். அதற்கு எங்கள் கட்டம் தெரியாது, இந்தக் கண்மாய் தெரியாது, நாங்கள் எங்கே போக ஆசைப்படுகிறோம் என்பதும் தெரியாது.

“அந்தக் குமிழிக் கல்லுகிட்ட தானே? முட்டியளவுதான் இருக்கும். ஆனா கல்லுக்குக் கெழக்க பள்ளம், காலு உள்ள போயிரும். எம் பின்னாலயே வாங்க” என்றார். மகளைக் கரையிலேயே இருக்கச் சொன்னேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர் தொரட்டிக் கம்பைத் திருப்பிப் பிடித்து ஊன்றிப் பார்த்து ஓரடி, ஊன்றிப் பார்த்து ஓரடி என முன்னே போக, அவர் கால் வைத்த இடத்திலேயே நாங்கள் கால் வைத்தோம். முதல் பத்தடி வண்டல் விரலிடுக்கில் வழுக்கியது. அதற்கப்புறம் அடியில் செம்புறைக்கல் தட்டுப்பட்டது. கால் ஊன்றி நிற்க முடிந்தது. தண்ணீர் மேலே இளஞ்சூடாகவும் கணுக்காலுக்குக் கீழே குளிர்ந்தும் இருந்தது.

குமிழி என்பதை நான் படித்திருக்கிறேன்; தொட்டது அன்றுதான். புதுக்கோட்டைச் சீமையில் பல கண்மாய்களில் இவை இன்னும் நிற்கின்றன. மடையைக் கரையில் வைக்காமல், கண்மாயின் உள்ளே ஆழமான பகுதியில் இரண்டு கல்தூண்களை நட்டு, குறுக்கே துளையிட்ட கல் சட்டங்களைப் பொருத்திவிடுவார்கள். தூண்களுக்கு நடுவே, தரையில் கல்தொட்டி. அதன் மேல்மூடியில் ஒரு துளை. குறுக்குச் சட்டங்களின் துளை வழியே இறங்கும் தண்டு அந்தத் துளையை அடைத்திருக்கும். தண்டைத் தூக்கினால் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் புதைத்த சுருங்கை வழியே வயலுக்குப் போகும். மேலே இருப்பது நீரோடித் துளை. தொட்டியின் அடிப்பக்கத்தில் சேறோடித் துளைகள். நீர் வேகமாக வெளியேறும்போது அடியில் படிந்த வண்டலும் சேர்ந்து இழுக்கப்பட்டு வயலுக்கு உரமாகப் போய்விடும். தண்ணீர் பாயும்போதே கண்மாய் தன்னைத் தானே தூர் வாரிக்கொள்ளும் ஏற்பாடு இது. கட்டியவர்களின் அறிவை நினைத்தால் எனக்கு மெய்யாகவே உடல் சிலிர்க்கிறது.

மேல் சட்டத்தின் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வெளிப்பக்கம் உளி கொத்திய சொரசொரப்பு அப்படியே இருந்தது. உள்வட்டம் மட்டும் அம்மிக்கல்லின் நடுப்பகுதி போல வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தண்டு ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தேய்த்த தேய்வு. துளையின் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருந்ததைக் கொண்டு, எப்போதும் மேற்குப் பக்கமிருந்தே தண்டை இழுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. தூணில் மூன்று உயரங்களில் நீர்மட்டம் நின்ற வெண்கோடுகள். அதற்கு மேலே நத்தை முட்டைகள், வெற்றிலைச் சுண்ணாம்பில் தோய்த்த கடுகு போல. எழுத்துப் பொறிப்பு இருக்கிறதா என்று இரு தூண்களையும் சுற்றித் தடவிப் பார்த்தோம், இல்லை.

“இப்ப கரையில சிமிண்டு மடை கட்டி சட்டர் போட்டாச்சு. இது சும்மா நிக்கிது” என்றார் பெரியவர். “எங்கய்யா காலத்துல அவுகதான் நீர்ப்பாய்ச்சி. கம்மாய் பெருகிக் கெடக்கையில முங்கித்தான் தெறப்பாக. ரெண்டு பேரு கரையில கயித்தப் புடிச்சிக்கிட்டு நிப்பாக.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் துளையின் மேற்குத் தேய்வில் அவருடைய ஐயாவின் கையும் இருக்கிறது என்ற நினைப்போடு மறுபடி ஒருமுறை அதைத் தொட்டேன்.

புள்ளி தூண்களுக்கு மேற்கே இருந்தது. மகள் கைப்பேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எண்களை வாசித்தாள். நான்காவது தசம இலக்கம் மாற 11 மீட்டர் நடக்க வேண்டும். ஐந்தாவது இலக்கத்துக்கு ஒரு மீட்டரே போதும். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் நேரக்குறிப்பு கிடைத்தால்தான் கருவி நம் இடத்தைக் கணக்கிட முடியும். திரையில் பிழையளவைக் காட்டும் வட்டம், கருவேலங்காட்டுக்குள் 15 மீட்டர் வரை தடுமாறியது, மரமோ சுவரோ இல்லாத நீர்ப்பரப்பின் நடுவே 3 மீட்டராகச் சுருங்கிவிட்டது. அவள் இடப்பக்கம் ஓரடி வைத்தாள், நின்றாள், பின்னால் அரையடி நகர்ந்தாள். “அப்பா, இங்கதான்.” குரல் தணிந்திருந்தது. கோயிலில் கருவறைக்கு முன் பேசும் குரல். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து இலக்கமும் பொருந்தி இருந்தன; கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதுமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

அங்கே நின்று ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார்த்தோம். கிழக்கே கரையும் கரைமேல் பனைவரிசையும். தெற்கே கலுங்கு, கண்மாய் நிறைந்தால் அதன் வழியே மிகுதி நீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். மேற்கே நீர்வரத்துப் பக்கம் முழுவதும் கருவேலம். நடுவே தண்ணீர் வந்த ஓடையின் தடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. இரண்டு நத்தைகுத்தி நாரைகள் எங்களைக் கண்டுகொள்ளாமல் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. கோபுரம் தெரியவில்லை, மாடமாளிகை எதுவும் தெரியவில்லை. கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளுக்கு இவ்வளவு அருகில் இருந்தும், அந்த வீடுகளைப் பற்றி நாம் இத்தனை பேசியும், இந்த இடத்தை யாரும் யாருக்கும் சுட்டிக் காட்டியதில்லை.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. செட்டிநாடு என்றால் பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரும் என்றே நாமும் வெளியாருக்குச் சொல்கிறோம். அந்த வீட்டின் கூரையில் விழும் மழை வளவு வாசலுக்கு இறங்கி, அங்கிருந்து தெருவடிகாலுக்கும் ஊருணிக்கும் போவதை ஒருவேளை சொல்வோம். ஊருணிக்கு அப்பால் யாரும் போவதில்லை. ஆறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் ஆண்டு முழுதும் ஓடாத இந்தச் சீமையில், ஒரு கண்மாயின் மிகுதி அடுத்த கண்மாய்க்கும், அதன் மிகுதி அதற்கடுத்ததற்குமாகக் கோர்த்து வைத்த சங்கிலிதான் ஊர்களைப் பிழைக்க வைத்தது. கட்டிய வீட்டைப் பார்க்கக் கட்டணம் கொடுத்து வரிசையில் நிற்கிறோம்; அந்த வீட்டில் உலை கொதிக்கக் காரணமாக இருந்த கல் ஒன்று தண்ணீருக்குள் தனியே நிற்கிறது. ஒரு குருட்டு எண் கொண்டுவந்து நிறுத்தியிராவிட்டால் நானும் இதைப் பார்க்காமலே போயிருப்பேன் என்பதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

கரையேறியதும் பெரியவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஓட்டு வீடு, திண்ணையில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. “பூக்கட்டிப் பாத்துக் கம்மாய்க்கு வந்த புள்ளைக” என்று அவர் மனைவியிடம் அறிமுகம் செய்துவைத்தார். அந்த அம்மா கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, மகளின் நனைந்த பாவாடையைப் பார்த்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். எங்கள் புளியோதரையை எல்லாருமாகப் பகிர்ந்து சாப்பிட்டோம். ஊர், வீடு, உறவு என்று விசாரித்துக்கொண்டே வந்ததில், என் அப்பாவோடு காரைக்குடியில் வேலை பார்த்த ஒருவர் இந்த அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் என்பது தெரியவந்தது. அப்புறம் நான் ‘தம்பி’யிலிருந்து ‘மாப்பிள்ளை’ ஆகிவிட்டேன்.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார், அந்தத் தொட்டியையும் துளைகளையும் பார்க்க வேண்டாமா என்று. தண்ணீருக்கு அடியில் இருக்கிறதே என்றேன். வைகாசிக்குள் வற்றிவிடும், வற்றுகிற சமயத்தில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழா வைப்பார்கள், கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்று வட்டாரமே உள்ளே இறங்கும். “அன்னைக்கு வாங்க மாப்ள. கல்லுத்தொட்டி நல்லா வெளிய தெரியும். சேறோடி எங்க இருக்குன்னு நானே காட்டுறேன்.”

மகள் அவருடைய கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டாள். குறிப்பேட்டில் அன்றைய தேதி, டவ் ஜோன்ஸ் தொடக்க எண், இரண்டு பின்னங்கள் இவற்றுக்குக் கீழே அந்த எண்ணும் இருக்கிறது. துண்டு வீசும் நாள் முடிவானதும் கூப்பிட்டுச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.